வெளிநாடு சென்றவரின் மனச்சுமை: நாம் கேட்க மறந்த நலம்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம் – தல்லாகுளம், மதுரை)

 



இந்தத் தல்லாகுளத்தில் நாம் அன்றாடம் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் பாஸ்போர்ட் அலுவலகத்தின் முன்னால் காலையிலேயே ஆட்கள் கூடிவிடுவார்கள். மதுரைக்காரர்கள் மட்டுமல்ல, தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் இருப்பார்கள். கையில் ஒரு ஃபைல், அதில் ஆதார், பள்ளிச் சான்றிதழ். பக்கத்தில் துணைக்கு வந்த அத்தாவோ மச்சானோ. உள்ளே போகும் பையனின் முகத்தைப் பாருங்கள். இருபது இருபத்திரண்டு வயது. கனவு நிறைந்த முகம்.

அந்தப் பையனிடம் நாம் என்ன கேட்கிறோம்? எந்த நாடு? என்ன வேலை? விசாவுக்கு எவ்வளவு கொடுத்தாய்? சம்பளம் எவ்வளவு? போன பிறகு அவன் வீட்டாரிடம் கேட்கிறோம்: பணம் அனுப்புகிறானா? திரும்பி வந்தால் கேட்கிறோம்: எப்போது திரும்பப் போகிறாய்?

அவனுடைய மனது எப்படி இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஊரை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போனவரின் மனதுக்கு என்ன நேர்கிறது, அதற்கு மார்க்கம் நமக்கு என்ன வழி காட்டுகிறது என்பதைத்தான் இன்றைய ஜும்ஆவில் பார்க்க இருக்கிறோம்.

நான் செய்த ஒரு தவறு

முதலில் என்னிடமிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு, மணி பதினொன்று இருக்கும், வளைகுடாவிலிருந்து ஓர் இளைஞர் எனக்கு அழைத்தார். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. "ஹஜ்ரத், தூக்கம் வரமாட்டேங்குது. சாப்பாடு இறங்கல. காரணமே இல்லாம அழுகை வருது" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தொழுகையை விடாதே. பொறுமையாக இரு. எத்தனையோ பேர் இந்த வாய்ப்புக் கிடைக்காமல் ஏங்குகிறார்கள், அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்து" என்றேன். இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிட்டேன். சொன்ன வார்த்தைகளில் தவறில்லை. ஆனால் அவர் எத்தனை பேருடன் தங்கியிருக்கிறார், பேச ஆள் உண்டா, எத்தனை நாளாகத் தூங்கவில்லை, எதையும் நான் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவர் பாதியிலேயே ஊர் திரும்பிவிட்டார். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அப்படியே நின்றது. 'ஓடி வந்துட்டான்' என்று மஹல்லாவில் பேசினார்கள். ஜும்ஆவுக்கு வந்தால் கடைசி ஸஃப்பில் உட்காருவார். துஆ முடிவதற்குள் எழுந்து போய்விடுவார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று போகிறார் என எனக்குப் புரிந்தபோது, அந்த இரண்டு நிமிடப் போன் அழைப்பு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நான் அவருக்கு மார்க்கத்தைச் சொன்னேன். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அப்படிப்பட்டவரிடம் நடந்துகொண்ட முறையில் நான் நடக்கவில்லை.

நாடு மாறினால் மனம் என்ன ஆகிறது?

சகோதரர்களே! 2015ஆம் ஆண்டில் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்திலிருந்து வெளிநாட்டில் வாழ்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அதிகம் பேர் போனது சிங்கப்பூருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும். இது ஏதோ சில வீட்டுப் பிரச்சினை இல்லை என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். இந்தப் பள்ளியில் உட்கார்ந்திருப்பவர்களில் வெளிநாட்டில் ஒருவர்கூட இல்லாத குடும்பம் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிறந்த மண்ணைப் பிரிந்த ஏக்கம் ஒரு மனிதனை நோயில் தள்ளும் என்பதை மருத்துவர்கள் நெடுங்காலம் முன்பே கண்டார்கள். 1688இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து வாழ்ந்த சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் கண்ட வாட்டத்தை ஒரு நோயாகவே எழுதி, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார்.

நம் காலத்தில் பார்சிலோனாவைச் சேர்ந்த ஜோசெபா அச்சோதெகி என்ற மனநல மருத்துவர், குடிபெயர்ந்தவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவிட்டு ஒன்றைச் சொன்னார். நாடு விட்டுப் போகிறவர் ஒரே நேரத்தில் ஏழு இழப்புகளுக்குத் துக்கம் காக்கிறார் என்றார். அவை எவை? குடும்பமும் அன்புக்குரியவர்களும், தாய்மொழி, பழகிய பண்பாடு, பிறந்த மண், ஊரில் இருந்த மதிப்பு, தன் சமுதாயத்தின் உறவு, உடல் பாதுகாப்பு.

இந்த ஏழையும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கே அவன் இன்னாரின் மகன். தெருவில் நடந்தால் நாலு பேர் ஸலாம் சொல்வார்கள். அங்கே அவன் ஓர் எண் பொறித்த அட்டை. இங்கே சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன். அங்கே மேலாளர் சொல்வது பாதி புரியாமல் தலையாட்டுகிறான். அம்மா வைக்கும் குழம்பு இல்லை. வைகையில் தண்ணீர் வந்தது என்று கேட்டால் போய்ப் பார்க்க முடியாது. காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைக்க ஆள் இல்லை. கடன் அடையும் வரை திரும்பவும் முடியாது.

ஒரு வீட்டில் மவுத் விழுந்தால் மூன்று நாள் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறோம். ஏழு இழப்போடு விமானம் ஏறுகிறவருக்கு நாம் சொல்வது என்ன? "கொடுத்து வைத்தவன்" என்கிறோம். துக்கத்தில் இருப்பவனை வாழ்த்திக்கொண்டே இருந்தால் அவன் தன் துக்கத்தை யாரிடம் சொல்வான்? அதனால்தான் போனில் எப்போதும் ஒரே பதில்: "நான் நல்லா இருக்கேன்ம்மா."

உள்ளே அடக்கிய துக்கம் உடம்பில் வெளிப்படும். தூக்கமின்மை, ஓயாத தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தொட்டதற்கெல்லாம் கோபம். இப்படி வருவதெல்லாம் மனநோய் ஆகிவிடாது. தாங்க முடியாத சுமையைத் தாங்கும் மனிதனிடம் தோன்றும் அடையாளங்கள் இவை என்றுதான் அந்த மருத்துவரும் விளக்கினார். சுமை இறங்கினால், துணை கிடைத்தால், பெரும்பாலும் இவையும் குறையும்.

ஸஹாபாக்களுக்கும் ஊர் ஏக்கம் இருந்தது

"ஈமான் உள்ளவனுக்கு எதற்குக் கவலை?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடுமையான காய்ச்சலில் விழுந்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் போய் நலம் விசாரித்தார்கள். காய்ச்சல் சற்று இறங்கியதும் பிலால் (ரலி) குரலை உயர்த்திக் கவிதை பாடுவார்கள். எதைப் பற்றி? மக்காவின் பள்ளத்தாக்கில் இன்னும் ஓர் இரவு தங்க மாட்டேனா, அங்கே முளைக்கும் இஃத்கிர் புல்லும் ஜலீல் புல்லும் என்னைச் சூழ்ந்திருக்காதா, மஜன்னா நீர்நிலைக்கு ஒரு நாள் போக மாட்டேனா, ஷாமா, தஃபீல் மலைகள் என் கண்ணில் தெரியாதா என்ற ஏக்கம் அந்தக் கவிதையில் இருந்தது. புகாரியில் பதிவான சம்பவம் இது.

கொஞ்சம் சிந்தியுங்கள். மக்கா பிலாலுக்கு என்ன கொடுத்தது? அடிமைத்தனம் கொடுத்தது. சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறை வைத்தது. அந்த ஊரின் புல்லுக்காக அவர்கள் ஏங்கினார்கள் என்றால், மண்ணின் பாசம் எவ்வளவு ஆழமானது! சொந்த ஊரில் வேலையும் இல்லை, வசதியும் இல்லை, அதை நினைத்து ஏன் அழுகிறாய் என்று யாரையும் கேட்காதீர்கள்.

இந்தச் செய்தி ஆயிஷா (ரலி) மூலம் நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. நபியவர்கள் பிலாலைக் கண்டித்தார்களா? ஹிஜ்ரத்தின் நன்மையைச் சொல்லி வாயை மூடச் சொன்னார்களா? இல்லை. துஆச் செய்தார்கள். மக்காவை நேசிப்பது போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்கு என்று கேட்டார்கள். இந்த ஊரை ஆரோக்கியமானதாக்கு, இதன் ஸாவிலும் முத்திலும், அதாவது தானியம் அளக்கும் படிகளில், பரக்கத் செய் என்று கேட்டார்கள். காய்ச்சலை ஜுஹ்ஃபாவுக்கு மாற்றிவிடு என்றும் கேட்டார்கள்.

இந்த துஆவுக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மக்காவை மறக்கச் செய் என்று நபியவர்கள் கேட்கவில்லை. பழைய ஊரின் நேசம் அப்படியே இருக்க, புதிய ஊரின் நேசத்தையும் கேட்டார்கள். அதோடு உடல்நலத்தையும் உணவையும் சேர்த்துக் கேட்டார்கள். குடிபெயர்ந்தவரின் மனம் ஒட்டுவதற்கு இம்மூன்றும் வேண்டும் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

நபி (ஸல்) அவர்களே மக்காவை விட்டுப் புறப்பட்டபோது அந்த ஊரைத் திரும்பிப் பார்த்து, அது அல்லாஹ்வின் பூமியில் தமக்கு மிகப் பிரியமானது என்றும், வெளியேற்றப்படாவிட்டால் தாம் அதைவிட்டுப் போயிருக்கமாட்டேன் என்றும் வேதனையோடு சொன்னது திர்மிதியில் இருக்கிறது. ஆக, ஊரை நினைத்துக் கலங்குவது ஈமானின் குறை ஆகாது.

கேட்காமலே புரிந்துகொண்ட நபி

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) என்ற இளைஞர் தம் வயதொத்த சில இளைஞர்களுடன் மதீனா வந்து இருபது இரவுகள் நபியவர்களிடம் தங்கினார். தீனைக் கற்க வந்தவர்கள். தங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று அவர்கள் வாய்திறந்து சொன்னதாக அந்த அறிவிப்பில் இல்லை. நபியவர்களே அதை உணர்ந்துகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களோடு தங்கி அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். நபியவர்கள் இரக்கமும் மென்மையும் உடையவர்களாக இருந்தார்கள் என்று அந்த இளைஞரே பிற்காலத்தில் சொல்கிறார்.

இருபது நாள் பிரிவில் ஓர் இளைஞனின் முகத்தில் மாறியதை நபியவர்கள் படித்தார்கள். இரண்டு வருடம் பிரிந்திருக்கும் மகனின் குரலில் மாறியதை நாம் படிக்கிறோமா?

அஸ்மா (ரலி) அவர்களின் கோபம்

இன்னொரு சம்பவம். இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

மக்காவில் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் சிலர் கடல் கடந்து அபிசீனியா போனார்கள். அங்கே போன ஜஅஃபர் (ரலி), அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) ஆகியோர் பத்தாண்டுகளுக்கும் மேல் அந்நிய மண்ணில் வாழ்ந்துவிட்டு, ஹிஜ்ரி 7இல் கைபர் சமயத்தில்தான் மதீனா வந்து சேர்ந்தார்கள்.

ஒரு நாள் ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் அஸ்மா இருந்தபோது உமர் (ரலி) வந்தார்கள். யார் என்று விசாரித்துவிட்டு, ஹிஜ்ரத்தில் நாங்கள்தாம் உங்களை முந்திவிட்டோம், நபியவர்களிடம் உங்களைவிட எங்களுக்கே உரிமை அதிகம் என்ற பொருளில் பேசினார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நபியவர்களோடு இருந்தீர்கள். உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்கு உபதேசித்தார்கள். நாங்களோ தொலைதூரத்தில், நம்மை விரும்பாதவர்களின் பூமியில், துன்பமும் பயமுமாக இருந்தோம் என்று சொன்னார்கள். இதை நபியவர்களிடம் முறையிடும் வரை உண்ணமாட்டேன், பருகமாட்டேன் என்று சத்தியமும் செய்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் முழுவதையும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, உமரும் அவருடைய தோழர்களும் செய்தது ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத்துகள் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அபிசீனியாவிலிருந்து வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அஸ்மாவிடம் வந்து இந்த ஹதீஸைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். உலகத்தில் வேறெதுவும் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லையாம்.

ஏன் அவ்வளவு மகிழ்ச்சி? பணம் கிடைத்ததா? பதவி கிடைத்ததா? இத்தனை ஆண்டு பட்ட பாடு ஒருவருடைய கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்ற நிம்மதி கிடைத்தது. 'நீ பட்டது எனக்குத் தெரியும்' என்ற ஒரு வார்த்தை புண்பட்ட மனதுக்கு மருந்து. திரும்பி வந்த அந்த இளைஞருக்கு நாங்கள் கொடுக்கத் தவறியது இந்த ஒரு வார்த்தையைத்தான்.

இங்கே இருப்பவர்களின் மனது

போனவரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. பிரிவுக்கு இரண்டு முனை உண்டு.

மனைவி இருக்கிறாள். கணவன் உயிரோடு இருக்கிறான், ஆனால் வீட்டில் இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய பிரிவுக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் கொடுத்தார். அழுது முடிக்கவும் முடியாது, சேர்ந்து வாழவும் முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடக் கட்டணம், மாமியார் மருந்து எல்லாம் அவள் ஒருத்தி தலையில். அவள் சிரித்தால் ஒரு பேச்சு, வெளியே போனால் ஒரு பேச்சு. உமர் (ரலி) அவர்கள் ஆட்சிக் காலத்தில், போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் இரவில் புலம்புவதைக் கேட்டார்கள். உடனே தம் மகள் ஹஃப்ஸாவிடம் ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று விசாரித்து, படைவீரர்களை நான்கு மாதம் அல்லது ஆறு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆணையிட்டதாக அறிவிப்புகள் வருகின்றன. அரசியல் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண்ணின் மனவலிக்காகச் சட்டத்தையே மாற்றினார்கள்.

பிள்ளைகள் இருக்கிறார்கள். செல்போன் திரையில் அத்தாவைப் பார்த்துப் பழகிய குழந்தை, அவர் லீவில் நேரில் வந்து நின்றால் அம்மாவின் பின்னால் ஒளிகிறது. இரண்டு வருடமாக அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்த மனிதர் அதைப் பார்த்து எப்படித் தாங்குவார்? பெற்றோர் இருக்கிறார்கள். மகன் கட்டிக்கொடுத்த மாடி வீடு இருக்கிறது, பேச ஆளில்லை. அத்தா மவுத்தானால் மையித்துக்கு மண் போட மகனுக்குக் கிடைப்பதில்லை, வீடியோவில் பார்க்கிறான்.

லண்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடும்பத்தோடு போனவர்களுக்கு வேறு சோதனை. கணவன் வேலைக்குப் போன பின் பூட்டிய வீட்டுக்குள் கைக்குழந்தையோடு பகல் முழுவதும் தனியாக இருக்கும் பெண், பிரசவித்த உடம்புக்கு ஓய்வு கொடுக்க ஒரு அம்மா அருகில் இல்லாமல் அழுகிறாள். 'அங்கே என்ன குறை?' என்று நாம் கேட்கிறோம்.

நம் முன்னோர் என்ன செய்தார்கள்?

தமிழ் முஸ்லிம்களுக்குக் கடல் கடப்பது புதிதல்ல. நம் கடற்கரை ஊர்களில் பிழைப்புக்குப் பயணம் போகிறவரைச் 'சபுராளி' என்பார்கள். அந்தச் சபுராளிகள் போன இடத்தில் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கூடுவதற்கு ஓர் இடம் அமைத்தது. பினாங்கில் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். கடையநல்லூரிலிருந்து போன நம் சகோதரர்கள் 1941இல் சிங்கப்பூரில் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு பிள்ளைகள் தமிழ் படிக்க உமறுப்புலவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார்கள்.

மொழி, உணவு, தொழுகை, உறவு நான்கையும் கையோடு எடுத்துப் போனார்கள். நபியவர்கள் ஹிஜ்ரத்தில் செய்ததும் இதே வரிசைதான். குபாவில் இறங்கியதும் பள்ளிவாசல். மதீனாவில் பள்ளிவாசல். அடுத்து, முஹாஜிர் ஒருவருக்கு அன்சாரி ஒருவரைச் சகோதரராக்கினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, அவர் துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழியை மட்டும் கேட்டார். பாதிச் சொத்தைவிட, புதிய ஊரில் 'எனக்கு ஒருவர் இருக்கிறார்' என்ற தெம்புதான் அவரைச் சந்தைக்கு நடக்க வைத்தது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, போகும் முன் உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். போய் வந்தவர்கள் அத்தரும் சாக்லேட்டும் மட்டும் கொண்டு வராமல், முதல் ஆறு மாதம் எப்படிக் கழிந்தது என்பதையும் புதிதாகப் போகும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். தெரிந்து போகிறவன் அழுகை வரும்போது தன்னைக் கோழை என்று நினைத்துக்கொள்ள மாட்டான்.

இரண்டாவது, கடனைக் குறையுங்கள். கந்துவட்டிக்கு வாங்கி விசா எடுப்பது ஹராமும்கூட, அந்தப் பிள்ளையின் கழுத்தில் கயிறும்கூட. முடியவில்லை என்றால் திரும்பலாம் என்ற கதவு திறந்திருக்கும் வரை மனம் தாங்கும்.

மூன்றாவது, போனில் பேசும் முறையை மாற்றுங்கள். வாரத்தில் ஓர் அழைப்பிலாவது பணம், நகை, வீட்டு வேலை எதையும் பேசாதீர்கள். "தூங்குறியா? யார்கூட சாப்பிடுற? யார்கூட பேசுற?" என்று கேளுங்கள். அவன் அழுதால் உடனே அறிவுரை சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் அழட்டும்.

நான்காவது, திரும்பி வந்தவரைக் கண்ணியப்படுத்துங்கள். இரண்டு மாதத்தில் வந்தாலும் இருபது வருடத்தில் வந்தாலும், ஸலாம் சொல்லி முதல் ஸஃப்புக்கு அழையுங்கள். பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது உணவையும் தூக்கத்தையும் தடுத்துவிடுகிறது, வந்த காரியம் முடிந்தால் விரைந்து குடும்பத்திடம் திரும்புங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னது புகாரியில் உள்ளது. திரும்பி வருவதில் இழிவு இல்லை.

ஐந்தாவது, நோயை நோய் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே கிடந்தால், எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், சாவைப் பற்றிய எண்ணம் வந்தால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. ஜின், கண்திருஷ்டி என்று சொல்லி மாதக்கணக்கில் மறைத்து வைக்காதீர்கள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை மறந்துவிட முடியுமா? நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. துஆவும் செய்யுங்கள், மருந்தும் எடுங்கள். பனகல் சாலையில் அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கும் சகோதரரே, சகோதரியே!

உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இந்த இரவு நீங்கள் தூங்காமல் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் அழுகை நன்றிகெட்டதனம் இல்லை. யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த யஃகூப் (அலை) ஒரு நபி. அழுது அழுது கண்ணே வெளுத்துப்போனது. மூஸா (அலை) அந்நிய ஊரான மத்யனில் நிழலில் ஒதுங்கி, தன் தேவையை அல்லாஹ்விடம் சொன்னார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அந்த ஊரிலேயே ஒரு குடும்பத்தைக் கொடுத்தான்.

ஜும்ஆவுக்குப் போனால் தொழுதுவிட்டு உடனே கிளம்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள். உங்கள் அறையில் புதிதாக ஒருவர் வந்தால் நீங்கள் அவருக்கு அன்சாரியாக இருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நம் சாப்பாட்டைச் சேர்ந்து சமையுங்கள். போனில் அம்மாவிடம் எல்லாம் சொல்ல முடியாவிட்டால் ஒரே ஒரு நண்பரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். தாங்கவே முடியவில்லை என்றால் திரும்பி வாருங்கள். உங்கள் ரிஸ்க்கை எழுதியவன் மதுரையிலும் அதை எழுதத் தெரிந்தவன்.

முடிவாக

அன்பானவர்களே! அந்த இளைஞரின் வீட்டுக்கு நான் பிறகு போனேன். 'அன்றைக்கு நான் உன்னைச் சரியாகக் கேட்கவில்லை, என்னை மன்னித்துவிடு' என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தவர் அஸர் பாங்கு சொல்லும் வரை நிறுத்தவில்லை. நான் எந்த உபதேசமும் சொல்லவில்லை. சேர்ந்து பள்ளிக்கு நடந்து வந்தோம்.

இன்று தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் போனை எடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரரை அழையுங்கள். காசு பற்றிப் பேசாமல் நலம் மட்டும் கேளுங்கள்.

யா அல்லாஹ்! ஊரைப் பிரிந்த எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியைக் கொடு. அவர்கள் வாழும் ஊரை அவர்களுக்கு நேசமுள்ளதாக ஆக்கு. அவர்களின் உடலிலும் உணவிலும் உழைப்பிலும் பரக்கத் செய். காத்திருக்கும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதலைக் கொடு. திரும்பி வருவோரைக் கண்ணியப்படுத்தும் நாவையும், துக்கப்படுவோரைக் கேட்கும் காதையும் எங்களுக்குத் தந்தருள். ஆமீன்.